கொட்டியாரக் கரை (17): உப்பில் சிவந்த உயிர்

மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கியதையும், 1660 ஏப்ரலில் றொபேட் நொக்ஸும் அவருடைய தந்தையும் மூதூர்ப் பக்கம் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டதையும் முன் அத்தியாயங்களில் பார்த்தோம். கப்பலும் சிறையும் தப்பியோட்டமுமாகப் போகும் அந்தக் கதையை இந்த இதழில் சற்று நிறுத்திவைக்கிறேன். நொக்ஸுக்கும் கண்டி மன்னனுக்கும் வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் குடியேறி, இன்றுவரை கலையாமல் இருக்கும் ஒரு குடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் வரலாறு உப்பிலும் கருவாட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது.

கச்சான் அடிக்கும் மாதங்களில் கரையோர வாடிகளில் கருவாடு போடும் வேலை மும்முரமாக நடக்கும். மீனைக் கீறி, குடலும் செவுளும் எடுத்து, அலசி, தொட்டியில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று போடுவார்கள். மறுநாள் பார்த்தால் தன்னிலிருந்து இறங்கிய நீரிலேயே மீன் மூழ்கிக் கிடக்கும். அதை எடுத்து மறுபடி அலசி, தட்டியிலோ கிடுகிலோ பரப்பி, வெயில் ஏற ஏறப் புரட்டிப்போட வேண்டும். நன்றாகக் காய்ந்த கருவாட்டின் மேல் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். மூட்டை கட்டி உள்ளே வைத்த பிறகுதான் சிக்கல். வாடைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கத் தொடங்கும். அப்போது கருவாட்டில் ரோசா நிறத்தில் சிறு புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் அவை ஒன்றுசேர்ந்து செம்படலமாகும். விரலால் தடவினால் பிசுபிசுக்கும், சதை இளகும், கெட்ட வாடை எழும். ‘கருவாடு சிவந்துபோச்சு’ என்று வியாபாரி மூட்டையோடு ஒதுக்கிவிடுவார்.

இந்தச் சிவப்பு மீனின் இரத்தமல்ல, துருவுமல்ல. உப்போடு வந்து சேர்ந்த உயிர்கள் அவை. நிலாவெளி உப்பளமானாலும் புத்தளமானாலும் தூத்துக்குடியானாலும், உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் நீர் வற்றி வற்றிச் செம்மை ஏறுவதை உப்பளத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். வேறு பெரும்பாலான உயிர்கள் தாங்காத அந்தச் செறிந்த உவர்நீரில் இந்த நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகிக் கிடக்கின்றன. செந்நிற நீர் வெயிலைக் கூடுதலாக உள்வாங்கி விரைவில் வற்றுவதால் உப்பளக்காரருக்கு இவற்றால் நன்மைதான். உப்புப் பளிங்கு உருவாகும்போது அதனுள் சிக்கும் நுண்ணிய உவர்நீர்த் துளிகளில் இவையும் அடைபட்டு, உப்பு மூட்டையில் ஏறி, கருவாட்டுத் தொட்டிக்கு வந்துசேர்கின்றன.

இந்தக் கெடுதல் கொட்டியாரத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் குளொஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே 1878ஆம் ஆண்டுக் கோடையில் உப்பிட்ட கொட் மீன் சிவந்துபோய் வியாபாரிகள் கலங்கினார்கள். ஹாவர்ட் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்லியம் பார்லோ அழைக்கப்பட்டார். அவர் மீனை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. கிடங்கையும் உப்பையும் சோதித்தார். ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்திலிருந்து இறக்கிய கடலுப்பிலேயே அந்தச் சிவப்பு இருந்ததைக் கண்டுபிடித்தார். வெயிலில் விளைந்த உப்புத்தான் அதைச் சுமந்து வந்தது. நுண்ணுயிரியல் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு மீன் கிடங்குக்குள் நின்று இவ்வளவு தெளிவாகக் காரணம் சொன்ன பார்லோவுக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

1931இல் நெதர்லாந்தில் ஹெலெனா பெற்றர் என்ற பெண் ஆய்வாளர் உப்பு மீனின் செந்நுண்ணுயிர்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தார். அவற்றின் சிவப்பு, கரட்டுக்கும் தக்காளிக்கும் நிறம் கொடுக்கும் கரட்டினொயிட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. பின்னாளில் அதன் அமைப்பு முழுதாக விளங்கியது. தக்காளியின் நிறப்பொருளில் 40 காபன் அணுக்கள், இதில் 50. பற்றீரியோரூபெரின் என்று பெயர். ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த 13 இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக நிற்பதால் பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது.

இத்தனை நிறம் எதற்கு? அழகுக்காக ஒரு நுண்ணுயிர் தன் உணவைச் செலவிட்டு நிறம் செய்யாது. விடை முதலில் வேறொரு பற்றீரியாவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லியில் ரொஜர் ஸ்டேனியரும் அவருடைய குழுவினரும் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பற்றீரியாவில் கரட்டினொயிட்டு நிறம் இழந்த விகாரியைப் பெற்றார்கள். 1955, 1956ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட முடிவு மிக எளிமையானது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் அந்த விகாரி ஒளியிலும் நன்றாக வளர்ந்தது. இருட்டில் ஒட்சிசனோடும் வாழ்ந்தது. ஒளியும் ஒட்சிசனும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் செத்தது. நிறமுள்ள அதன் உறவினங்களுக்கு எதுவும் ஆகவில்லை. அப்படியானால் கொல்வது வெளிச்சம் தனியாக அல்ல. வெளிச்சத்தால் வெறியேறிய ஒட்சிசன். 1968இல் பூட், டென்னி என்ற இரு வேதியியலாளர்கள் அதன் பொறிமுறையைக் காட்டினார்கள். கரட்டினொயிட்டு மூலக்கூறு அந்த வெறியேறிய ஒட்சிசனின் சக்தியைத் தான் வாங்கி வெப்பமாக வெளிவிட்டுவிட்டு, மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரே மூலக்கூறு நூற்றுக்கணக்கான தடவை இந்த வேலையைச் செய்யும்.

உப்பு மீனின் உயிரிலும் இதுதானா நடக்கிறது? நோர்வேயில் டிரொன்ட்ஹைம் நகரத்தில் இயன் டண்டாஸும் ஹெல்கே லார்சனும் 1962இல் அதைச் சோதித்தார்கள். நோர்வேயும் உப்பு மீன் வியாபாரத்தில் வாழ்ந்த நாடுதான். செந்நிற ஹலோபற்றீரியத்தையும் அதன் நிறமற்ற விகாரியையும் ஒரே குடுவையில் சேர்த்து வளர்த்தார்கள். மங்கலான ஒளியில் இரண்டும் சமமாக வளர்ந்தன. வெயிலுக்கு ஒப்பான கடும் ஒளியில் நிறமற்றவை பின்தங்கி ஒழிய, செந்நிறம் குடுவையைப் பிடித்துக்கொண்டது. உப்பளப் பாத்தியில் வருடம் முழுதும் நடப்பதும் இதுவே. நிழல் என்பதே இல்லாத வெள்ளைத் தரையில், விரலளவு ஆழ நீரில், வெயிலைத் தாங்கத் தெரிந்தது மிஞ்சுகிறது.

இனிக் கொழுப்பு. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வியக்க வைத்த பகுதி இது.

அதே 1962இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து ஆய்வுகூடத்தில் சேகல், கேற்ஸ், கிப்பன்ஸ் என்ற மூவர் இந்த நுண்ணுயிரின் கொழுப்பைப் பிரித்தெடுத்தார்கள். மூவரில் சுரேந்திரநாத் சேகல் நம் துணைக்கண்டத்தவர். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பின்னாளில் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து ரப்பாமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தவரும் அவரே. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்க அது இன்று உதவுகிறது. ஒட்டாவாவில் அவர்கள் கண்டது, பாடநூல்களில் இல்லாத ஒரு கொழுப்பு. எனக்கும் உங்களுக்கும் சூடை மீனுக்கும் சாதாரணப் பற்றீரியாக்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: கொழுப்பமிலங்கள் கிளிசரோலோடு எசுத்தர் பிணைப்பால் சேர்ந்திருக்கும். இங்கே கொழுப்பமிலமே இல்லை. கிளைவிட்ட நீண்ட காபன் சங்கிலிகள் ஈதர் பிணைப்பால் இறுகியிருந்தன. அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. காரத்தில் கொதிக்கவைத்தால் சாதாரணக் கொழுப்பு சவர்க்காரமாகிவிடும்; இது அசையாது. கார்ல் ஊஸ் 1977இல் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களைப் பற்றீரியா இனத்திலிருந்தே பிரித்தார். அடுத்த ஆண்டே இந்த உப்புவாழிகளும் அந்தப் புதிய கிளைக்குப் போயின. இன்று அவற்றை ஆர்க்கியா என்கிறோம். பற்றீரியா என்ற பழைய பெயர் ஹலோபற்றீரியத்தின் வாலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரட்டைப் பிணைப்பு இல்லாததில் என்ன பெரிய விசேடம்? அதற்குக் காமாக் கதிரின் கதைக்கு வர வேண்டும். அந்தக் கதையின் தொடக்கத்திலேயே இலங்கை மண்ணுக்கு ஓர் இடமுண்டு. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியராகப் புகழ் பெறுவதற்கு முன், இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குப் பணிப்பாளராக இருந்தார். 1904இல் சபரகமுவைப் பக்கத்து ஆற்று மணலிலிருந்து தோரியனைற் என்ற கனிப்பொருள் உலகுக்குத் தெரியவந்ததில் அவருக்குப் பங்குண்டு. அடுத்த ஆண்டு, லண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளைஞர், இலங்கையிலிருந்து போன அந்தத் தோரியனைற்றிலிருந்துதான் கதிரியக்கத் தோரியத்தைப் பிரித்தார். 1938இல் அணுக்கருப் பிளவைக் கண்டவர் அவரே. நம் திருகோணமலை மாவட்டத்திலேயே, புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில், இல்மனைற்றுக்கும் சிர்க்கனுக்கும் இடையே தோரியம் உள்ள மொனசைற்றும் கிடக்கிறது. தென்னிந்தியாவில் மணவாளக்குறிச்சி, சவறா மணலும் இத்தகையதே.

காமாக் கதிர் ஒரு கலத்தைத் துளைக்கும்போது முதலில் அடிபடுவது அங்கே மிகுதியாக இருக்கும் நீர்தான். நீர் உடைந்து ஐதரொட்சில் மூலிகம் பிறக்கிறது. கண்ணிமைப்பதற்குள் பக்கத்தில் உள்ள எதையாவது பற்றி ஓர் ஐதரசனைப் பிடுங்கிக்கொள்ளும் மூர்க்கம் அதற்கு. கொழுப்புச் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள காபனிலிருந்து ஐதரசனைப் பிடுங்குவதுதான் மிக எளிது. பிடுங்கப்பட்ட இடத்தில் ஒட்சிசன் வந்து ஒட்டும், அது பக்கத்துச் சங்கிலியிலிருந்து இன்னோர் ஐதரசனைப் பிடுங்கும், அது அடுத்ததிலிருந்து. ஒரு தடவை பற்றினால் தொடர்ந்து ஓடும் தாக்கம் இது. முடிவில் சங்கிலிகள் துண்டாகி, காறல் வாடை வீசும் அல்டிஹைட்டுகள் மிஞ்சும். மீன் எண்ணெயில் உள்ள ஒருவகைக் கொழுப்பமிலத்தில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஆதலால்தான் கொழுத்த சூடைக் கருவாடு வெயிலில் மஞ்சளேறிக் காறிப்போகிறது. கொழுப்பு மிகுந்த மீனைக் காமாக் கதிரால் பதப்படுத்தினாலும் அதே காறல் தலைகாட்டுகிறது.

பற்றீரியாவின் கதை வேறு. பெரும்பாலான பற்றீரியாக்களின் கொழுப்பமிலங்களில் ஓர் இரட்டைப் பிணைப்புக்கு மேல் இருப்பதில்லை. குளிர்ந்த ஆழ்கடலில் வாழும் சிலவும் நீலப்பச்சைப் பாசிகள் சிலவும் விலக்கு. பற்றிக்கொள்ள இடமில்லாததால் தொடர்த் தாக்கம் மற்றவற்றில் ஓடுவதில்லை. கதிர்வீச்சில் அவை சாவது கொழுப்பு கெட்டதால் அல்ல, டி.என்.ஏ. துண்டாவதாலும், அதைச் சரிசெய்ய வேண்டிய புரதங்கள் பழுதாவதாலும். உப்புவாழியின் கொழுப்பிலோ அந்த ஒற்றை இரட்டைப் பிணைப்புக்கூட இல்லை.

ஒரே கருவாட்டில் இரண்டு கொழுப்புகள் இருக்கின்றன: காறிப்போகும் மீனின் கொழுப்பு, அதன் மேல் அமர்ந்து காறாமல் வாழும் உயிரின் கொழுப்பு. ஒரே வெயில், ஒரே உப்பு, ஒரே காற்று. வேறுபாடு இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையில்.

கதிர்வீச்சைத் தாங்கும் உயிர்கள் உண்டு என்பதே உலகுக்குத் தற்செயலாகத் தெரிந்தது. 1956இல் அமெரிக்காவின் ஒறகன் மாநிலத்தில் ஆர்தர் அண்டர்சன் தகரத்தில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிரால் கிருமி நீக்கிப் பார்த்தார். எல்லாம் செத்திருக்க வேண்டிய தகரம் கெட்டுப்போனது. உள்ளே செந்நிறக் கோளமாய் ஒரு பற்றீரியா உயிரோடு இருந்தது. டைனோகொக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். மனிதருக்கு 5 கிரே அளவுக் கதிர்வீச்சு போதும். சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் பிழைக்கமாட்டார்கள். இந்தப் பற்றீரியா 5,000 கிரேயைப் பெரிய சேதமின்றிக் கடக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் ஒரு மீனிலிருந்தே வந்தது. மும்பைக்கருகே டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் மீனையும் வெங்காயத்தையும் கதிர்வீச்சால் பாதுகாக்கும் ஆய்வுகள் நடந்துவந்தன. அங்கே என். எப். லூயிஸ், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பொம்பில் மீனிலிருந்து, அதாவது ஆங்கிலேயர் பம்பாய் வாத்து என்று பெயர் வைத்த மீனிலிருந்து, செத்துப்போகாத ஒரு செந்நிறக் கோளப் பற்றீரியாவைப் பிரித்து 1971இல் அறிவித்தார். மைக்ரோகொக்கஸ் ரேடியோபிலஸ் என்று அதற்குப் பெயர் சூட்டினார். பத்தாண்டு கழித்து, 1981இல், அதுவும் டைனோகொக்கஸ் இனத்தில் சேர்க்கப்பட்டது. லூயிஸும் அவருடைய சகாக்களும் 1974இல் அந்த நிறப்பொருளுக்கும் கதிர் தாங்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பையே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். குளொஸ்டரில் பார்லோ கேட்ட கேள்வி, தொண்ணூற்றாறு ஆண்டு கழித்து அரபிக் கடலோரத்தில் காமாக் கதிரோடு மறுபடி கேட்கப்பட்டது.

‘சிவப்பு இருந்தால் கதிரைத் தாங்கும்’ என்று இதை எளிமையாக்கிவிடக் கூடாது. அது பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து காப்பதில் கரட்டினொயிட்டின் பங்கு ஐயத்துக்கு இடமில்லாதது. காமாக் கதிரில் அதன் வேலை வேறு மாதிரி. அங்கே மூலிகங்களைத் தடுக்கும் ஒவ்வொரு முறையும் நிறப்பொருளின் இரட்டைப் பிணைப்பு முறிகிறது; நிறம் வெளுக்கிறது; மூலக்கூறு வீணாகிறது. டைனோகொக்கஸ் தன் நிறத்தை இழந்தாலும் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுவதில்லை. அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது: உடைந்த டி.என்.ஏ.யைச் சில மணி நேரத்தில் ஒட்டவைக்கும் திறமை, அதைச் செய்யும் புரதங்களைக் காக்கும் மங்கனீசு. மங்கனீசின் பங்கை மைக்கல் டேலியின் குழு 2004இல் காட்டியது.

உப்புவாழியில் நிறத்தின் பங்கு இன்னும் கூடுதல். பற்றீரியோரூபெரின் அற்ற விகாரிகள் புறஊதாக் கதிருக்கும் காமாக் கதிருக்கும் எளிதில் பலியாவதை யப்பானிய ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். கலத்துக்குள் நிறைந்திருக்கும் பொட்டாசியம் குளோரைட்டும் காவலில் பங்கெடுப்பதை அவர்களே கண்டார்கள். இந்த உயிர் வெளி உப்பைச் சமாளிக்கத் தன் உள்ளேயும் உப்பை நிரப்பிவைக்கிறது. அந்த உப்பு மூலிகங்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. நிறப்பொருளோ கொழுப்புப் படலத்தின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை ஊடுருவி, வத்தையின் பலகைகளை இறுக்கும் ஆணிபோல நிற்கிறது. ஆக, கொழுப்பையும் நிறத்தையும் தனித்தனியாகப் பேசவே முடியாது. இரண்டும் ஒரே சுவர். இன்னும் துல்லியமாகச் சொன்னால், இந்த உயிருக்குக் கதிர் தாங்குவது தனிக் கலையல்ல. நீர் வற்றுவதையும் கொளுத்தும் வெயிலையும் தாங்கப் பழகியதன் பக்கவிளைவு அது. உலர்ந்த கலத்திலும் டி.என்.ஏ. துண்டாகிறது, கதிர் பட்ட கலத்திலும் துண்டாகிறது. ஒன்றைச் சரிசெய்யக் கற்றது மற்றதையும் சரிசெய்துகொள்கிறது.

இத்தனை வல்லமை படைத்த உயிருக்கு ஒரே பகை நல்ல தண்ணீர். குடிக்கும் நீரில் விட்டால் அதன் சுவர் கலைந்து, கோலுருவம் உருண்டையாகி, நிமிடங்களில் வெடித்துவிடும். ஐயாயிரம் கிரேயில் பத்தில் ஒரு பங்கு தப்பிப் பிழைக்கும் உயிர், ஒரு குவளைக் கிணற்று நீரில் மாண்டுபோகிறது.

வாடிக்காரர்களுக்கு இதிலிருந்து நேரான பயன்கள் உண்டு. சிவந்த மூட்டையைத் தொட்ட கத்தி, தொட்டி, தட்டி எல்லாவற்றையும் உவர்நீரில் கழுவிப் பயனில்லை; நன்னீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கெட்டுப்போன தொட்டியின் உப்பை மறுபடி பாவிக்கக் கூடாது. கட்டிய மூட்டையை ஈரம் ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். குளிரறை கிடைத்தால் 10 பாகைக்குக் கீழே இந்தச் சிவப்பு பரவுவது அநேகமாக நின்றுவிடும். இந்த உப்புவாழிகள் மனிதருக்கு நோய் தருபவை என்று அறியப்படவில்லை. ஆனால் கருவாடு சிவக்குமளவு ஈரம் ஏறியிருந்தால் வேறு கிருமிகளும் ஏறியிருக்கலாம். ஆகவே சிவந்ததைக் கழுவி விற்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வழியில், கோணேசபுரியில் இருக்கிறது. நிலாவெளியின் செந்நீரும் மூதூர் வாடிகளின் சிவந்த கருவாடும் புல்மோட்டையின் கதிர்மணலும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கும் வாய்ப்பு உலகில் அதிகம் பேருக்கு இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: அடுத்த கச்சான் காலத்தில் ஒரு போத்தல் செந்நீரை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வையுங்கள். கருவாடு போடும் நம் பெண்களிடம் போய், எந்த உப்பில், எந்த மாதத்தில் சிவக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குளொஸ்டரில் பார்லோ தொடங்கியதும் அவ்விதமே.

(அடுத்த இதழில்: நொக்ஸின் பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசம்)